எண்ணெயும் தண்டுவடமும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. கோமுகியாறு தோன்றுவது அங்கேதான். தேனுக்கும் கடுக்காய்க்கும் மரமேறுவோர் சிலபோது தவறி விழுதலும் உண்டு. விழுந்தவர்க்கு எண்ணெய் தடவி நீவுதல் நாட்டுப்புற வழக்கம்.

முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடம் மூளையின் ஏவலை உடலெங்கும் கொண்டு செல்வது. அது நசுங்கினால் கால்கள் செயலற்றுப் போகும். கேடு அத்துடன் நில்லாது. அடுத்துவரும் நாள்களில் வீக்கமும் அழற்சியும் பிழைத்திருந்த நரம்பிழைகளையும் அழிக்கும். இவ்விரண்டாம் கேட்டைத் தணிக்குமோ என்றே அறிஞர் தாவர எண்ணெய்களை ஆராய்கின்றனர். கருஞ்சீரக எண்ணெயிலுள்ள தைமோகுயினோன் என்னும் பொருள் தண்டுவடம் காயமுற்ற எலிகளில் அழற்சியைக் குறைத்தது. எலியிற் கண்ட அப்பயன் மனிதரிடத்து இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

வாதநோய்க்கு எண்ணெயிட்டுத் தொக்கணம் செய்வது சித்த மருத்துவ முறை. அதன் சிறப்பு வேறு. முதுகில் அடிபட்ட அன்று அது சிறிதும் ஆகாது. விழுந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து நீவினால், முறிந்த எலும்பே தண்டுவடத்தை அறுத்துவிடக்கூடும். முதலில் 108 ஊர்திக்குச் சொல்லுதல் வேண்டும். அது வருமளவும் அவரை அசைத்தலாகாது. மலைப்பாதையில் தூக்கியே தீரவேண்டுமாயின், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி நால்வர் சேர்ந்து பலகையிற் கிடத்தி எடுத்தல் வேண்டும்.