பிக்கப் வாங்கினாலும் பல்லைப் பாருங்க

மாடு பிடிக்கப் போனால் முதலில் பல்லைப் பார்ப்போம். பழைய பிக்கப் வாங்கப் போனால் மட்டும் பெயிண்டையும் டயரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துடுறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு நெல் மூட்டை ஏற்றிப் போனப்ப தங்கமாக ஓடியது. கோடையில் கண்மாய்க்குள் இறக்கி வண்டல் ஏற்றியதும் கதை மாறிப்போச்சு. கரை ஏறும்போது கிளட்ச் கருகி வாடை அடிச்சது. "அண்ணே, இது ரோட்டுக்கான கிரவுன். மண்ணுக்கு ஆகாது" என்றார் மெக்கானிக்.

பின் அச்சு நடுவில் உருண்டையாக இருக்கிறதே, அதற்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னதும் இருக்கு. கிரவுனில் 41 பல், பினியனில் 8 பல் என்றால், வகுத்தால் 5.1. கியர் பெட்டியிலிருந்து வரும் நீளத் தண்டு 5.1 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 37-க்கு 9 என்றால் 4.1. எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும்.

ஒரு கணக்கு போடுவோம். டயரின் சுற்றளவு 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் நிமிடத்துக்கு 1000 மீட்டர், அதாவது சக்கரம் 500 சுற்று. பல வண்டிகளில் நாலாவது கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அப்படியானால் 4.1 வண்டியில் எஞ்சின் 2050 சுற்று, 5.1 வண்டியில் 2550. ரோட்டில் அந்த 500 சுற்று சத்தமாகவும் டீசலாகவும் போகும். ஆனால் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ கால் பங்கு கூடுதல். என் வண்டியில் அது இல்லை. முதல் கியரிலும் மெதுவாகப் போனால் எஞ்சின் நின்றுவிடும்; அதனால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஏற்றினேன். கருகாமல் என்ன செய்யும்?

விற்பவர் வாய்ச்சொல் வேண்டாம், நீங்களே எண்ணலாம். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தரையில் இருக்கும் மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்க. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்க. நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்க. டயரிலும் தண்டிலும் சாக்பீஸ் கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றணும். மறுசக்கரம் நிற்பதால் 2 சுற்றுதான் கிரவுனுக்கு ஒரு சுற்று. அதற்குள் தண்டு எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் எண்.

2005-ல் டாடா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்று பேர் வாங்கியதிலிருந்து, மாட்டுவண்டி போன இடமெல்லாம் சின்ன லாரியும் போகும்னு நினைச்சுக்கிறோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் மிளகு ஏற்றுபவர் பெரிய எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். செட்டிநாடு சமவெளி, நமக்கு மேடு என்றால் கண்மாய்க் கரைதான். எருவும் வண்டலுமாக வாரம் முழுக்க வயலுக்குள் ஓடுபவருக்கு 5-க்கு மேல் வேணும். சந்தைக்கே அதிகம் ஓடுபவருக்கு 4.1 போதும் என்பது என் கருத்து.

கம்பீரத்துக்காகப் பெரிய டயர் மாட்டாதீங்க. சுற்றளவு 5 சதவீதம் கூடினால் 5.1 வண்டியின் இழுவை 4.9 போல ஆகிவிடும்.

கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்றணும். தனித்தனியாகப் பழசு போட்டால் ஊளையிடும், பல் தேயும். செலவைக் கேட்டு நான் மாற்றவில்லை. வண்டலுக்கு இப்ப டிராக்டர் வாடகைக்குப் பிடிக்கிறேன். என் பிக்கப் கரைக்கு வெளியே நிற்குது.