குரல் நடுவில் நிற்க வேண்டும்

கேள்வி: ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். ஹால் 10-க்கு 14 அடி. ஒரு ஸ்பீக்கர் ஷோகேஸ் தட்டில் இருக்கிறது. இன்னொன்று ஜன்னலோரம், மூலைப் பரண் மேல். பாடுபவர் குரல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கேட்கிறது. தபேலா ‘கும்கும்’ என்று குழம்புகிறது. கூட வந்த மெல்லிய ஒயர்தான் காரணம் என்கிறார் கடைக்காரர். 14,000 ரூபாய் கேபிள் போட வேண்டும், இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே நீளம் இருக்க வேண்டும் என்கிறார். வாங்கலாமா ஐயா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணம் பையிலேயே இருக்கட்டும்.

ஒயரை மாற்ற வேண்டும் என்பது மட்டும் ஓரளவு சரி. ஆம்ப்பிலிருந்து தூரத்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப 10 மீட்டர் செம்பு. பெட்டியோடு வருகிற மெல்லிய ஒயர் 0.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்றால் அதன் தடை சுமார் 0.34 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு நான்கு சதவீதத்துக்கு மேல். எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் மல்டி-ஸ்ட்ராண்ட் செம்பு ஒயர் போட்டால் 0.07 ஓம், ஒரு சதவீதம்கூட இல்லை. வீட்டு வயரிங்குக்குப் போடுகிறார்களே, அதே ஒயர்தான். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கி லேசாக முறுக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் இந்த 5 மீட்டரில் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி ‘ஸ்பீக்கர் ஒயர்’ என்று விற்கிறார்கள். அதே பருமனுக்குத் தடை சுமார் ஒன்றரை மடங்கு. வளைத்தால் சீக்கிரம் முறியும். ஒரு இழையைப் பிரித்து பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். வெளியே வெள்ளை, சுரண்டினால் செம்பு என்றால் அது ஈயம் பூசிய நல்ல செம்பு, தாராளமாக வாங்கலாம்.

ஒரே நீளம் எதற்கு என்று கேளுங்கள். ஒயர் ஒரு மீட்டர் கூடினால் சிக்னல் தாமதிப்பது நூறு கோடியில் ஐந்து பங்கு செகண்ட். காற்றிலோ ஒலி ஒரு அடி கடக்கவே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகிறது. உங்கள் காது இந்த இரண்டாவதைத்தான் பிடிக்கும். ஒரு ஸ்பீக்கர் ஒரு அடி அருகில் இருந்தாலே குரல் அந்தப் பக்கம் ஓடிவிடும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். ஒயர் நீளத்தை விடுங்கள். நாற்காலியில் தலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து அளங்கள்.

1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் ஆலன் புளூம்லீன் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். திரையில் நடிகர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது அவரை உறுத்தியது என்பார்கள். குரல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த கலை இது. அதைப் பரண் மேல் ஏற்றிவிட்டால் எப்படி?

இறக்குங்கள். 10 அடிச் சுவர்ப் பக்கம், ஒன்றுக்கொன்று 6 அடி தள்ளி, பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், பக்கச் சுவர்களிலிருந்து 2 அடி விட்டு வையுங்கள். ட்வீட்டர் (உச்ச ஸ்தாயியைத் தரும் சின்ன வட்டம்) உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்தில், தரையிலிருந்து மூன்று அடிக்குச் சற்று மேலே வர வேண்டும். கனமான ஸ்டூல் போதும். நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் 6 அடியில் உட்காருங்கள், முக்கோணம் அமைந்துவிடும்.

தபேலாக் குழப்பத்துக்கு மூலைதான் காரணம். இரு சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஸ்பீக்கர் இருந்தால் பாஸ் ஊதிப் பெருக்கும். 14 அடி நீளம் 40 ஹெர்ட்ஸ் பக்கமும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸ் பக்கமும் அறையை அதிர வைக்கும். கான்கிரீட்டும் செங்கலும் அதை வெளியே விடாது. சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாலும் இதே கதைதான். சோபாவை நகர்த்த வீட்டில் சம்மதம் இல்லையென்றால், பாட்டு கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள். எதிரே டைல்ஸ் தரையில் ஒரு பவானி ஜமுக்காளம் விரித்தால் ‘ஸ்’ ‘ச்’ கூச்சல் தணியும். பாஸை அது ஒன்றும் செய்யாது.

கடைசியாக ப்ளஸ்-மைனஸ். என் ஸ்பீக்கர் ஒன்றை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியபின் பாஸே காணாமல் போனது. வெளியே சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சரியாகத்தான் இருந்தன. உள்ளே மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். ஐம்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவை மோனோ, குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே, காலியிடத்தில் ஆள் நிற்பதுபோல் கேட்க வேண்டும். இடம் தெரியாமல் பரவினால், ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயர் முனைகளை மாற்றிப் பூட்டுங்கள். எதில் பாஸ் திரண்டு, குரல் நடுவில் வந்து நிற்கிறதோ அதுவே சரி. பிறகு 1978-இல் வந்த ‘ப்ரியா’ பாடல்களைக் கேளுங்கள். ஸ்டீரியோவில் பதிவானவை, வாத்தியங்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்பது தெரியும்.

இடம் அமைந்ததும் ஸ்டூல் கால்களைச் சுற்றித் தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். வீடு துடைக்கும்போது நகர்ந்தாலும் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம்.