ஜப்பானில் நேத்தன் பிரௌன்: ஒரு சொல்லும் ஓர் எழுத்தும்

சமய நூலை வேற்று மொழியில் பெயர்ப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. மூலச் சொல்லின் பொருளைத் தருவதா, அதன் ஒலியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வதா? பொருளைத் தந்தால், மொழிபெயர்ப்பவரின் கொள்கை உடன் நுழைந்துவிட்டது என்பார்கள். ஒலியைத் தந்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

ஜப்பானில் இது பழைய சங்கடம். 1549-இல் அங்குச் சென்ற பிரான்சிஸ் சவேரியார், இறைவனைக் குறிக்க முதலில் 'தைநிச்சி' என்னும் சொல்லைக் கையாண்டார். அது மகாவைரோசன புத்தரின் ஜப்பானியப் பெயர் என்பது பின்னர் புரிந்தது. உடனே அதைக் கைவிட்டு 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே திரும்பினார்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இதே சங்கடத்தைச் சந்தித்தவர் நேத்தன் பிரௌன் (1807-1886) என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர். அவர் ஜப்பானுக்கு வந்தபோது வயது அறுபத்தைந்து. அதற்கு முன்பே பர்மாவிலும், 1836 முதல் சுமார் இருபது ஆண்டுகள் அஸ்ஸாமிலும் பணியாற்றியிருந்தார். அஸ்ஸாமின் நீதிமன்றங்களில் வங்காள மொழியே வழங்கிய காலம் அது. அஸ்ஸாமிய மொழி வங்காளத்தின் கிளைமொழி அன்று, தனிமொழியே என்று பிரௌனும் அவருடைய தோழர்களும் வாதிட்டனர். புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்த்து 1848-இல் வெளியிட்டார். 1846-இல் சிவசாகரில் தொடங்கிய அம்மொழியின் முதல் இதழ் 'அருணோதய'த்தின் ஆசிரியராகவும் விளங்கினார். அவ்விதழின் பெயர் வடமொழி மரபுப்படி அச்சிடப்படவில்லை. மக்கள் உச்சரித்த வண்ணமே அச்சாயிற்று. பண்டிதர்களுக்கு அது உவப்பாக இல்லை. பேசுவது போலவே எழுத வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் ஜப்பான் வரை அவருடன் சென்றது.

ஜப்பானில் கிறிஸ்தவத்தைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகைகள் 1873 பிப்ரவரியில்தான் அகற்றப்பட்டன. அதே மாதம் பிரௌன் யோக்கோஹாமாவில் இறங்கினார். மார்ச் 2-ஆம் நாள் அங்கு முதல் பாப்டிஸ்ட் சபை நிறுவப்பட்டது. உறுப்பினர்கள் நால்வர்: பிரௌன் தம்பதியர், ஜானதன் கோபிள் தம்பதியர். ஜப்பானியர் ஒருவரும் இல்லை! கோபிள், கமடோர் பெர்ரியின் கப்பற்படையில் சிப்பாயாக ஜப்பானுக்கு வந்து, 1860-இல் ஊழியராகத் திரும்பியவர். 1871-இல் மத்தேயு சுவிசேஷத்தை ஜப்பானிய மொழியில் மர அச்சில் வெளியிட்டவரும் அவரே.

அப்போது பல சபையினர் ஒன்றுசேர்ந்து புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க ஒரு குழு அமைத்திருந்தனர். மருத்துவரும் அகராதி ஆசிரியருமான ஹெப்பர்ன் அதில் முக்கியமானவர். பிரௌனும் சேர்ந்தார். பிளவு ஒரே சொல்லில் வந்தது. கிரேக்க மூலத்தில் 'பாப்டிஸ்மா' என்பது நீரில் அமிழ்த்துதல் என்று பொருள்படும். குழந்தைக்கு நீர் தெளிப்பது போதாது, தானே விசுவாசித்தவரை முழுவதும் நீரில் மூழ்கச் செய்வதே சடங்கு என்பது பாப்டிஸ்டுகளின் கொள்கை. ஆகவே 'ஷிஸுமே', அதாவது அமிழ்த்தல், என்றே எழுத வேண்டும் என்றார் பிரௌன். தெளிக்கும் வழக்கமுடைய சபைகளுக்கு இது எப்படி உடன்பாடாகும்? அவர்கள் 'பாப்தெஸுமா' என்று ஒலியை மட்டும் வைத்தனர். (தமிழில் வழங்கும் 'திருமுழுக்கு' என்ற சொல், பொருளளவில் பிரௌன் பக்கமே சாய்கிறது, தெளிக்கும் சபையினரும் அதனைத் தயக்கமின்றி வழங்குகின்றனர்.) 1876-இல் பிரௌன் குழுவிலிருந்து விலகினார்.

எழுபதை நெருங்கிய வயதில் தனியே தொடர்ந்தார். எழுத்திலும் தம் வழியையே பிடித்தார். கற்றோர் சீனச் சித்திர எழுத்துக்களைக் கலந்தே எழுதினர்; அவற்றைப் பயிலப் பல ஆண்டுகள் வேண்டும். பெண்களும் எளியோரும் அறிந்தது 'ஹிரகானா' என்னும் ஒலியெழுத்து. பிரௌன் நூல் முழுவதையும் அதிலேயே அமைத்தார். 1879-இல் அது வெளிவந்தது. ஜப்பானில் முழுமையாக அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. குழுவின் பதிப்பு 1880-இல்தான் முடிந்தது.

ஆயினும் நிலைத்தது குழுவின் பதிப்பே. ஜப்பானிய மொழியில் ஒரே ஒலியுடைய வெவ்வேறு சொற்கள் மிகுதி. சித்திர எழுத்து இல்லையேல் எது எதுவென்று தடுமாற நேரும். மேலும் அக்காலத்தில் மதம் மாறியவர்களுள் சாமுராய்க் குடும்பத்தினர் பலர். அவர்களுக்கு ஹிரகானா மட்டும் கொண்ட நூல் பாலபாடம் போலத் தோன்றியிருக்கும். குழுவினரோ சித்திர எழுத்தின் அருகே சிறிய எழுத்தில் உச்சரிப்பையும் அச்சிட்டு, இரு சாராருக்கும் வழி செய்தனர். பிரௌனின் நூல் பெரும்பாலும் பாப்டிஸ்ட் வட்டத்திற்குள்ளேயே நின்றது. 1886 ஜனவரி முதல் நாள் அவர் யோக்கோஹாமாவில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் இணைந்து 1987-இல் வெளியிட்ட ஜப்பானிய விவிலியத்தில் அச்சொல் இருமடியாகவே நிற்கிறது: சித்திர எழுத்தில் 'கழுவும் சடங்கு' என்ற பொருள், அதன் அருகே சிறிய எழுத்தில் 'பாப்தெஸுமா' என்ற ஒலி.