மாதச் சந்தா இல்லாத டிவி: டிஷ்ஷை நாமே சரிசெய்யலாம்

தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. படம் வரலைன்னா, ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. டிஷ்ஷைப் பரணிலோ ஓட்டுக்கு அடியிலோ வைக்கக் கூடாது. திறந்த வானம் தெரியணும்.

2. சிக்னல் தருவது ஜிசாட்-15 செயற்கைக்கோள். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, நல்ல உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் தென்னை மட்டை, முருங்கைக் கிளை மறைக்கக் கூடாது.

3. ஒருவர் டிஷ்ஷை மெல்ல நகர்த்தணும்; இன்னொருவர் டிவியில் சிக்னல் அளவைப் பார்த்துச் சொல்லணும். அளவு கூடியதும் நட்டை இறுக்குங்கள்.

4. வயர் இணைப்பில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றுங்கள்.

கனமழையில் படம் போனால் டிஷ்ஷைத் தொடாதீங்க. மழை விட்டதும் தானே வரும். மின்கம்பி பக்கத்தில் ஏறவே வேண்டாம். படத்தைவிட உயிர் பெரிது!