எல்லைக்கோட்டைக் கடந்த பந்து

நுழையும்முன்

விளையாட்டு, உடலுக்கு வலிமையும் உள்ளத்துக்கு மகிழ்ச்சியும் தருவது. சில வேளைகளில் அது பகைகொண்டோரையும் ஓரிடத்தில் அமரவைக்கிறது. அவ்வாற்றல் எங்கிருந்து பிறக்கிறது? அது எதுவரை செல்லும்? ஐரோப்பியக் கழகங்களில் ஆடிப் புகழ்பெற்ற ஆப்பிரிக்க வீரர் ஒருவரின் வாழ்க்கை இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

அலைக்கழிந்த இளமை

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி வளைகுடாவை ஒட்டி அமைந்த நாடு ஐவரி கோஸ்ட். உலகிலேயே கொக்கோ மிகுதியாக விளையும் நாடு இதுவே. 1960ஆம் ஆண்டுவரை இது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. இந்நாட்டின் பெருநகரமான அபிஜானில் 1978ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் டிடியே டிரோக்பா பிறந்தார். பிரான்சில் தொழில்முறைக் கால்பந்து வீரராக இருந்த உறவினர் மிஷெல் கோபாவிடம் வளர்வதற்காக, ஐந்து வயதிலேயே அவர் பெற்றோரைப் பிரிந்து சென்றார்.

கோபா கழகம் மாறும்போதெல்லாம் சிறுவனும் ஊர் மாறவேண்டியிருந்தது. வீட்டு நினைவு வாட்டவே, சில ஆண்டுகளில் அவர் அபிஜானுக்குத் திரும்பினார். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெற்றோர் வேலையிழந்தமையால் மீண்டும் பிரான்சுக்கே செல்ல நேர்ந்தது. தொடக்கத்தில் அவர் தற்காப்பு ஆட்டக்காரராகவே விளையாடினார். முன்களத்தில் நின்று கோல் அடிப்பவரையே மக்கள் நினைவில் கொள்வர் என்று கோபா எடுத்துரைத்தார். அந்த அறிவுரை அவருடைய ஆட்டத்தின் திசையை மாற்றியது.

காலந்தாழ்ந்து மலர்ந்த திறமை

பதினெட்டு வயதுக்குள் பெருங்கழகங்களில் இடம்பிடிப்போர் பலர். டிரோக்பாவுக்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. காயங்கள் அவரை மீண்டும் மீண்டும் களத்திலிருந்து விலக்கின. லெ மான் என்னும் இரண்டாம் நிலைக் கழகத்தில் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 21. பின்னர்க் கேங்காம் கழகத்துக்காக 2002-03ஆம் பருவத்தில் பிரெஞ்சு முதல்நிலைத் தொடரில் 17 கோல்கள் அடித்து அனைவரின் கவனத்தையும் ஈர்த்தார். அடுத்த பருவத்தில் மார்செய் கழகம் ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதிப் போட்டியை எட்டத் துணைநின்றார்.

2004ஆம் ஆண்டு இலண்டனின் செல்சி கழகம் அவரை 2 கோடியே 40 இலட்சம் பவுண்டு கொடுத்துப் பெற்றது. அங்கு அவர் நான்கு முறை இங்கிலாந்தின் தலைமைத் தொடரை வென்ற அணியில் இடம்பெற்றார். அத்தொடரில் இருமுறை மிகுதியான கோல்கள் அடித்தவராகத் திகழ்ந்தார். 2012ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மியூனிக் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நடைபெற்றது. செல்சி ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில், 88ஆம் நிமிடத்தில் மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கி ஆட்டத்தைச் சமன்செய்தார். பின்னர், வெற்றியை முடிவுசெய்த இறுதிப் பெனால்டியை உதைத்து வலைக்குள் செலுத்தியவரும் அவரே.

பிளவுண்ட நாடு

டிரோக்பா ஐரோப்பாவில் உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய தாய்நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. யார் இந்நாட்டின் உண்மையான குடிமகன் என்னும் வினா அரசியலில் நஞ்சாகப் பரவியிருந்தது. வடபகுதி மக்கள் பலர் அயலாராக நடத்தப்பட்டனர். 2002ஆம் ஆண்டு செப்டம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கு, கிளர்ச்சிப் படையின் கைக்குச் சென்றது. புவாக்கே நகரம் அதன் தலைமையிடமாயிற்று. தெற்கு, அரசின் ஆளுகையில் நீடித்தது.

நாட்டின் கால்பந்து அணி மட்டும் பிளவுபடவில்லை. புவாக்கேயில் பிறந்த கோலோ தூரே, யாயா தூரே சகோதரர்களும் பிற பகுதிகளைச் சேர்ந்தவர்களும் ஒரே நிறச் சீருடையில் ஆடினர். போரிட்ட இரு தரப்பினரும் அந்த அணியைத் தம்முடைய அணியென்றே கருதினர்.

மண்டியிட்ட வீரர்கள்

2005ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சூடான் நாட்டின் ஓம்டுர்மான் நகரில் ஐவரி கோஸ்ட் அணி 3-1 என்னும் கணக்கில் வென்றது. அதே நேரத்தில் வேறோரிடத்தில் கேமரூன் அணி எகிப்துடன் சமன்செய்தது. அதனால் ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக்கோப்பைக்குத் தகுதிபெற்றது.

வெற்றிக் களிப்பின் நடுவே, உடைமாற்றும் அறையில் நின்றிருந்த தொலைக்காட்சிக் கருவியின்முன் வீரர்கள் திரண்டனர். ஒலிவாங்கியைக் கையிலேந்திய டிரோக்பா நாட்டு மக்களை நோக்கிப் பேசினார். எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தோர் ஒன்றுகூடி ஒரு குறிக்கோளை எட்டமுடியும் என்பதை அணி மெய்ப்பித்திருப்பதை எடுத்துக்காட்டினார். தோழர்களுடன் மண்டியிட்டு, ஒருவரையொருவர் மன்னிக்குமாறும் படைக்கலங்களைக் கீழே வைக்குமாறும் தேர்தல் நடத்துமாறும் வேண்டினார். அக்காட்சி நாடெங்கும் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பானது.

புவாக்கேயில் ஒரு நாள்

2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அரசும் கிளர்ச்சியாளரும் அமைதி உடன்பாடு செய்துகொண்டனர். அம்மாதமே, ஆப்பிரிக்காவின் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்ற டிரோக்பா, அவ்விருதுடன் புவாக்கே சென்றார். அவரும் அன்றைய குடியரசுத் தலைவர் லோரான் பாக்போவும் ஒரே பேத்தே இனத்தவர். அத்தகையவர் கிளர்ச்சியாளரின் தலைமையிடத்துக்கே சென்று வெற்றியைப் பகிர்ந்தது பொருள்பொதிந்த செயலாகும். மடகாஸ்கருக்கு எதிரான போட்டி இந்நகரிலேயே நடைபெறும் என அங்கு அறிவித்தார்.

அவ்வாறே 2007ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் போட்டி நடந்தது. அரசுப் படையினரும் முன்னாள் கிளர்ச்சியாளரும் ஒரே அரங்கில் இருந்தனர். ஐவரி கோஸ்ட் 5-0 என வென்றது. அவற்றுள் ஒரு கோல் டிரோக்பா அடித்தது.

தெரிந்து தெளிவோம்

டிரோக்பா தம் நாட்டுக்காக 105 போட்டிகளில் 65 கோல்கள் அடித்தார். எனினும் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை அவர் ஒருமுறையும் வெல்லவில்லை. 2006, 2012 இறுதிப் போட்டிகளில் பெனால்டியைத் தவறவிட்டார். 2014இல் அவர் நாட்டு அணியிலிருந்து ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு அவருடைய அணி அக்கோப்பையை வென்றது.

பந்தின் எல்லை

ஒரு கால்பந்து வீரர் போரை நிறுத்திவிட்டார் என்று இந்நிகழ்வைச் சுருக்கிக் கூறுவோர் உண்டு. உண்மை அதனினும் விரிவானது. ஓம்டுர்மான் வேண்டுகோளுக்கும் அமைதி உடன்பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் கழிந்தன. அமைதிப் படையினர், அண்டை நாட்டுத் தலைவர்கள், பொதுமக்கள் எனப் பலரின் உழைப்பு அதற்குத் தேவைப்பட்டது. 2010ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் வன்முறை மீண்டும் வெடித்து, ஏறத்தாழ 3,000 பேர் உயிரிழந்தனர். குடியுரிமை, நிலம், அதிகாரம் ஆகியவை பற்றிய பூசல்களை ஒரு போட்டியால் தீர்த்துவிட இயலாது.

ஆயினும் அம்முயற்சி வீணன்று. பகைவரைத் தம்மைப்போன்ற மனிதராகக் காணும் வாய்ப்பை அந்த அரங்கம் சில மணிநேரம் வழங்கியது. பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு அத்தகைய நம்பிக்கை இன்றியமையாதது. டிரோக்பாவும் ஒரு வேண்டுகோளோடு நின்றுவிடவில்லை. வன்முறை ஓய்ந்தபின், 2011ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் வெளிநாடு வாழ் மக்களின் சார்பாளராகப் பொறுப்பேற்றார். தம்முடைய சொல்லுக்கு மக்கள் செவிசாய்ப்பர் என்பதை அறிந்து, அச்சொல்லை ஒற்றுமைக்காகப் பயன்படுத்தியதே அவருடைய பெருமை.

கற்பவை கற்றபின்

1. போரிட்ட இரு தரப்பினரும் கால்பந்து அணியைத் தம்முடையதாகக் கருதியதற்கான காரணங்களை விளக்குக.

2. புவாக்கே நகரில் போட்டி நடத்தியதன் சிறப்பை எழுதுக.

3. ‘விளையாட்டு மட்டுமே அமைதியை நிலைநாட்டிவிடும்’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் உரையாடுக.