பூட்டில்லாத பாட்டு

2022 மார்ச் கடைசி. இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. இருட்டில் என் போனைத் தூக்கிக்கொண்டு மருமகள் வந்தாள். "மாமா, உந்தப் பாட்டெல்லாம் மங்கிப் போய்க் கிடக்கு. தொட்டாலும் பாடுதில்லை."

மாதாமாதம் காசு கட்டி, ஒரு செயலியில் நான் இறக்கி வைத்த பாட்டுகள் அவை. டொலர்த் தட்டுப்பாட்டில் என் கார்ட்டிலிருந்து பணம் போகவில்லை, சந்தா நின்றுவிட்டது. கோப்புகள் போனுக்குள்தான் கிடந்தன, இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தன. திறக்கிற சாவி மட்டும் எங்கோ ஒரு சேர்வரில். டிஆர்எம் என்பது அந்தப் பூட்டுத்தான்.

எனக்கு உடனே சைக்கிள் டைனமோதான் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் சாய்த்து, இடையில் டையோட் வைத்து, வயரை ரேப் றெக்கோடருக்குக் கொடுப்போம். நான் பெடலைக் கையால் சுற்றுவேன். கை ஓய்ந்தால் நாதஸ்வரம் இழுபடும். ஐயா "சுத்தடா" என்பார். அத்தனை தடைக்குள்ளும் கசற் பாடியது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

காசு கொடுத்து வாங்கினால் நமக்குச் சொந்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2008இல் யாகூ தன் பாட்டுக் கடையை மூடியபோது, சாவி கொடுக்கும் சேர்வர்களையும் நிறுத்தியது. ஒவ்வொரு பாட்டாகக் காசு கொடுத்து வாங்கியவர்களும் புதுக் கணினிக்கு அவற்றை மாற்ற வழியில்லாமல் நின்றார்கள். மறு வருடம் ஐடியூன்ஸ் கடை தன் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. பூட்டில்லாமலும் பாட்டு விற்கலாம் என்பதற்கு அது போதும்.

இப்போது நான் கேட்கிற முறை இது. பயர்பொக்ஸ் அமைப்புகளில் டிஆர்எம் உள்ளடக்கத்தை இயக்குவதற்கென ஒரு சரிக்கட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டேன். எந்தத் தளம் பூட்டு வைத்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இணைய வானொலிகளின் முகவரியை விஎல்சியில் நேரே ஒட்டிக் கேட்கிறேன். 1996இல் பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001 முதல் கட்டற்ற மென்பொருள். அன்ட்ரொயிட் போனுக்கு, கட்டற்ற செயலிகள் கிடைக்கும் எஃப்-டிரொயிட்டிலிருந்தே அதை எடுக்கலாம். இன்ரநெற் ஆர்க்கைவில் பல பழைய ஒலிப்பதிவுகள் கோப்பாகவே இறங்கும். நூலக நிறுவனத்தின் ஆவணகத்தில் எங்கள் ஊர்க் குரல்கள் இருக்கின்றன. அங்கே ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

கலைஞருக்குக் காசு போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பான்ட்காம்பில் வாங்கினால் பூட்டில்லாத ஃபிளாக் கோப்பு கிடைக்கும். ஊர்க் கலைஞர் சீடி போட்டால் அவர் கையிலேயே காசைக் கொடுத்து வாங்குகிறேன்.

ஆனால் அதிக நேரம் போனது ஐயாவின் கசற்றுகளைக் கோப்புகளாக மாற்றுவதில்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு போரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டுபோனவை. ஒன்றில் அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம், கோயில் திருவிழாவில் ஐயா பதிந்தது. எடுத்துப் பார்த்தால், நாடாவை றெக்கோடரின் வாசிப்புத் தலையோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு கழன்று விழுந்திருந்தது. அப்படிப் போட்டால் சத்தம் மங்கித்தான் வரும். ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, நாடாவை வேறொரு நல்ல கசற் கூட்டுக்குள் மாற்றினேன். ஒட்டிப்போன சுருளைப் பேனையால் மெல்லச் சுற்றித் தளர்த்திய பிறகுதான் மெஷினுக்குள் போட வேண்டும். நேரே போட்டால் நாடா அறுந்துவிடலாம்.

ரேப் றெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து லப்டொப்புக்கு ஒரு வயர். பதிவதற்கு ஓடாசிற்றி. முதல் பதிவில் அடியில் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல். வயரை மாற்றினேன், போகவில்லை. லப்டொப் சார்ஜரைக் கழற்றினேன், போய்விட்டது. சத்தம் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள், தவில் அடி திடீரென்று ஏறும். இரைச்சல் நீக்கும் வசதியைக் கொஞ்சமாக மட்டும் பாவியுங்கள். நான் முதலில் கூட்டிவிட்டேன். தவிலின் தொப்பிப் பக்கம் தகரம் போல் ஒலித்தது. மூலப் பதிவை அப்படியே வைத்திருந்ததால் தப்பித்தேன்.

ஒரு மணித்தியாலத்தைச் சீடித் தரத்தில் அப்படியே சேமித்தால் ஏறத்தாழ 635 எம்பி. ஃபிளாக்கில் அது பாதியளவுக்குக் குறையும், ஒலி ஒரு துளியும் போகாது. வீட்டில் வைக்க அதுதான். போனுக்கு ஓபஸ், 96 கிலோபிட்டில் 43 எம்பி போதும். இரண்டும் என் கையில் பூட்டில்லாமலே இருக்கும், கட்டற்ற மென்பொருள்களிலேயே திறக்கலாம்.

ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் கணினிக்கு சிங்திங் வழியாக ஒரு பிரதி தானே போகிறது. கோப்பின் பெயராக, கசற் உறையில் ஐயா நீலப் பேனையால் எழுதியதையே எழுத்துக்கு எழுத்து வைத்தேன். அந்த உறைகளையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டிருக்கிறேன். இன்னும் நாலு கசற் மிச்சம். ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. மருமகள் பஞ்சும் ஸ்பிரிற்றும் எடுத்து வைத்துவிட்டாள்.