நடுவே பால்சா வைத்த பழைய பாய்ப்படகு

கேள்வி: பொல்கொட ஏரியில் ஓட்டுவதற்கு ஏற்ற பழைய பாய்ப்படகொன்று விலைக்கு வந்துள்ளது. அதன் உடலில் இரண்டு ஃபைபர் கிளாஸ் படைகளுக்கு நடுவே பால்சா மரம் இருப்பதாக விற்பவர் கூறுகிறார். வெளிப்பூச்சு புத்தம் புதியது. வாங்கலாமா?
— வாசகர் ஒருவர், ஹெவ்லொக் டவுன், கொழும்பு 5

பதில்: பிசினில் ஊறிய கண்ணாடியிழையாலான இரண்டு மெல்லிய தோல்களுக்கு இடையே பாரமற்ற பால்சா மரத்துண்டுகளையோ பீ.வீ.சி. நுரைப் பலகையையோ ஒட்டி அமைக்கும் இவ்வுடலில், நடுப்பொருளால் மொத்தத் தடிப்பு இரட்டிப்பானால் எடை சிறிதே கூட, வளையாத்தன்மை ஏறக்குறைய 7 மடங்காகிறது. ஆகவே கட்டுமுறையையே குறை கூறுவது பொருந்தாது. கேடு பெரும்பாலும் துளைகளில் தொடங்குகிறது. நீர்க்குழாய் வாய்களையும் பாய்மரக் கம்பிகளைத் தாங்கும் தகடுகளையும் சுற்றிப் பால்சாவை அகழ்ந்து, அவ்விடத்தை முழுக் கண்ணாடியிழையால் நிரப்பியிருக்க வேண்டும். அவ்வாறின்றிப் பிற்காலத்தில் எவரேனும் துளையிட்டு ஆணி முடுக்கியிருந்தால், நீர் மெல்ல ஊறிப் பால்சா உக்கி, தோல் அதனின்று பிரிந்துவிடும். நுரை உக்குவதில்லை; எனினும் ஒட்டு விட்டுப்போவது அதற்கும் உண்டு.

புதிய பூச்சு இவற்றையெல்லாம் மறைக்கக்கூடியது என்பதால் அதை நம்பி முடிவெடுத்தலாகாது. மண்பானை வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதுபோல, கரையேற்றிய படகைச் சிறு பிளாஸ்ரிக் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக் கேட்பதே முதற் சோதனை; கணீரென்ற ஒலி மங்கிப் பொத்தென்று கேட்கும் இடத்தில் தோல் பிரிந்திருக்கக்கூடும். ஈரத்தை அளக்கும் கருவி, செப்பு கலந்த அடிப்பூச்சின் மேல் பிழையான அளவைக் காட்டும். மழையில் நனைந்த படகு நன்கு காயுமுன் அளப்பதும் பயனற்றது. ஐயமான இடத்தில், உரிமையாளரின் ஒப்புதலுடன், உட்புறத்திலிருந்து சிறு துளையிட்டு வரும் தூளைப் பார்ப்பதே உறுதியான வழி: உலர்ந்த வெளிர்தூள் நன்று, கறுத்து ஈரமாக வந்தால் அது உக்கலாகும். உவர்ப்புக் குறைந்த ஏரிநீரில் நெடுநாள் கிடந்த படகின் வெளித்தோலில் எழும் கொப்புளங்கள் வேறு வகையின. அவை பெரும்பாலும் திருத்தத்தக்கவை.

உக்கலைத் திருத்துவது பழைய மரக்கலங்களில் போல் இதில் எளிதன்று. வல்வெட்டித்துறையில் மரத்தால் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்க, ஊர் மாலுமிகள் அதனை 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து மாசாசூசெட்சின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். அத்தகைய மரக்கலத்தில் பலகையும் பொருத்தும் கண்ணுக்குத் தெரிந்தவை. பழுதான பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம். நடுப்பொருள் உடலிலோ ஒரு தோலை வெட்டி நீக்கி, உக்கியதைச் சுரண்டி, உலர்த்தி, புதுத்துண்டை ஒட்டி, மீண்டும் இழையைப் படிவிக்க வேண்டியிருப்பதால், திருத்தச் செலவு படகின் விலையையே மிஞ்சக்கூடும்.

எனவே ஈரம் மேற்தளத்தின் ஓரிரு இடங்களில் மட்டும் காணப்பட்டால் திருத்தச் செலவை விலையிலிருந்து கழித்து வாங்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே நடுப்பொருள் பரவலாக நனைந்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அப்படகைத் தவிர்ப்பதே தக்கது. முற்பணம் கொடுக்குமுன், விற்பவருடன் தொடர்பில்லாத படகுச் சர்வேயர் ஒருவரைக் கொண்டு கரையில் வைத்துப் பரிசோதித்து, அறிக்கையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு வாசகர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.